பல்லுக்குள்ளே ஓடும் அரம்

இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர்



முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் எல்லோருமே அரம் பிடித்தவர்கள்தான். எம்.எஸ். பிளேட்டை வைஸில் இறுக்கி, கை கொப்பளிக்க ராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறோம். அந்த அரம் ஒரு அடி நீளம் இருக்கும். அதே ராவும் வேலையைச் செய்ய இன்னொரு அரம் இருக்கிறது. நீளம் 25 மி.மீ., நுனியின் விட்டம் 0.25 மி.மீ. அது வேலை செய்யும் இடம், உயிருள்ள ஒரு மனிதரின் பல்லின் வேர். பல் டாக்டர்கள் அதை 'ஃபைல்' என்றே சொல்கிறார்கள்.

"பல் டாக்டர் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மெட்டலர்ஜி, கிரைண்டிங் ஆகிய மூன்று பாடங்களையும் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு பொருளில் ஒன்றாகப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு கிரைண்டிங் கோடு எங்கே போய் முடியும் என்பதும் இதில் தெரியும்.

துளை நேராக இல்லை

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் கலந்த மென்மையான திசு உண்டு. அது மேலிருந்து வேரின் நுனி வரை ஒரு மெல்லிய குழாய் வழியே இறங்குகிறது. சொத்தை ஆழமாகப் போய்க் கிருமி அங்கே சேர்ந்துவிட்டால் தாங்க முடியாத வலி வரும். முன்பெல்லாம் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். ரூட் கேனால் சிகிச்சையில் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. அந்தத் திசுவை எடுத்து, குழாயைச் சுத்தம் செய்து, உருவம் கொடுத்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்துவிடுவார்கள்.

'உருவம் கொடுத்து' என்ற இடம்தான் நம்முடையது. குழாய் மேலே அகலமாகவும், நுனியில் ஒடுங்கியும், புனல் மாதிரி டேப்பராக வரவேண்டும். அப்போதுதான் கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் அடிவரை போகும். அடைக்கும் பொருளும் இடைவெளி இல்லாமல் இறங்கும். ஆனால் வேர் பெரும்பாலும் வளைந்தே இருக்கிறது. டேப்பரும் வர வேண்டும், பழைய வளைவும் மாறக்கூடாது. லேத்தில் டேப்பர் போரிங் செய்த நமக்கு இது எவ்வளவு சங்கடம் என்று புரியும். இங்கே ஜாப்பைத் திருப்பிக் கட்ட முடியாது, உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. போரிங் டூலேதான் வளைந்துகொண்டு போக வேண்டும்.

ஸ்டீல் ஃபைலுக்கு நேராகவே நிற்கப் பிடிக்கும். வளைந்த குழாயில் அதை நுழைத்தால், நிமிரப் பார்க்கும் வேகத்தில் வளைவின் வெளிப்பக்கச் சுவரைத் தோண்டிவிடும். முதலில் சின்னப் படி ஒன்று விழும். அதற்கு மேலும் விடாமல் ராவினால் குழாய் தன் வழியை விட்டு விலகிவிடும். இன்னும் முரட்டுத்தனமாகப் போனால் வேரே துளைபடலாம். அதனால்தான் டாக்டர்கள் ஸ்டீல் ஃபைலை முன்கூட்டியே கையால் வளைத்துக்கொண்டு, மெதுவாகக் கையாலேயே ஓட்டுவார்கள்.

எண்ணும் நிறமும்

இந்த ஃபைல்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3630 என்ற தரநிலை உண்டு. கணக்கு மிக எளிது. ஃபைலின் எண்ணை 100-ஆல் வகுத்தால் நுனியின் விட்டம் மி.மீ.-இல் கிடைக்கும். 25-ஆம் எண் என்றால் 0.25 மி.மீ. கைப்பிடியின் நிறமும் அளவைச் சொல்லும்: 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. அதன் பிறகு 45-இலிருந்து மறுபடி வெள்ளை.

வெட்டும் பகுதி 16 மி.மீ. பழைய தரநிலைப்படி ஒவ்வொரு மி.மீ.-க்கும் விட்டம் 0.02 மி.மீ. கூடும். ஆகவே 25-ஆம் எண் ஃபைலின் மேல் பகுதி 0.25 + (16 × 0.02) = 0.57 மி.மீ. இன்றைய மோட்டார் ஃபைல்களில் டேப்பர் 0.04, 0.06 என்று கூடியிருக்கிறது. 0.06 டேப்பரை 16 மி.மீ. முழுக்கக் கொண்டுபோனால் மேல் பகுதி 1.21 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு தடித்தால் வளையாது, பல்லையும் அதிகமாகத் தின்றுவிடும். அதனால் பல தயாரிப்புகளில் மேலே போகப்போக டேப்பரைக் குறைத்துவிடுகிறார்கள்.

கடிகார ஸ்பிரிங்கிலிருந்து ஏவுகணை வரை

அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் என்ற பல் மருத்துவர் 1838-இல் கடிகார ஸ்பிரிங்கை ராவி இப்படிப்பட்ட முதல் கருவியைச் செய்தார் என்று பல் மருத்துவ வரலாறு சொல்கிறது. பிறகு கார்பன் ஸ்டீல் வந்தது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்தது. 'கே' ஃபைல் செய்யும் முறை நம்ம ஊர்ப் பட்டறையிலேயே விளங்கும். கம்பியைச் சதுரமாகவோ முக்கோணமாகவோ டேப்பராக கிரைண்ட் செய்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினால் போதும். மூலைகள் சுருண்டு வெட்டும் விளிம்பாகிவிடும்.

அடுத்த திருப்பம் பல் மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நடந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணை மூக்குக்கு ஏற்ற உலோகம் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சம அணு எண்ணிக்கையில் சேர்ந்த ஒரு கலவை அவர் கவனத்தை இழுத்தது. 1961-இல் நடந்த ஒரு கூட்டத்தில் அந்தத் தகட்டை விசிறி மடிப்பாக மடித்துக் காட்டினார்கள். அங்கிருந்த ஒருவர் தன் பைப் லைட்டரை அதன் கீழே பிடித்தார். மடிப்பு தானாக நிமிர்ந்துவிட்டது! நிக்கல், டைட்டானியம், நேவல் ஆர்ட்னன்ஸ் லேபரட்டரி என்ற பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'நிட்டினால்' என்று பெயர் வைத்தார்கள்.

1970-களில் இந்த உலோகம் பல் வரிசையைச் சீர்செய்யும் கிளிப் கம்பியாக வந்தது. 1988-இல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டைன் என்ற மூவர், 0.020 அங்குல கிளிப் கம்பியை எடுத்து அதிலேயே வெட்டுகளை உருவாக்கி, 15-ஆம் எண் ஃபைல் செய்து சோதித்தார்கள். அதே அளவு ஸ்டீல் ஃபைலைவிட அது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வளைந்து கொடுத்தது. அதற்குப் பிறகுதான் ஃபைலை மோட்டாரில் மாட்டி வளைந்த குழாயில் சுழற்றலாம் என்ற துணிச்சல் வந்தது.

நம்ம கணக்கில் பார்ப்போம்

வளைக்கும்போது கம்பியின் வெளிப்புறத்தில் ஏற்படும் ஸ்ட்ரெய்ன், விட்டத்தை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வரும். வேரின் வளைவு ஆரம் 5 மி.மீ., அந்த இடத்தில் ஃபைலின் விட்டம் 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.4 ÷ 10 = 0.04, அதாவது 4 சதவீதம்.

ஸ்டீல் ஒரு சதவீதம்கூடத் தாங்காமல் நிரந்தரமாக வளைந்துவிடும். அதை வளைவுக்குள் சுழற்றினால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை வளையும். கட்டுக் கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் ஆட்டி ஒடிப்போமே, அதே கதிதான். நிட்டினால் 8 சதவீதம் வரை நீண்டுவிட்டுத் திரும்பி வரும். அதன் ஆஸ்டினைட் அமைப்பு, அழுத்தம் ஏறும்போது மார்டென்சைட்டாக மாறி இடம் கொடுக்கிறது. அழுத்தம் போனதும் பழையபடி ஆஸ்டினைட் ஆகிவிடுகிறது. மெட்டலர்ஜி வகுப்பில் மார்டென்சைட் என்றாலே க்வென்ச் செய்த, கடினமான, நொறுங்கும் ஸ்டீல் என்று படித்தோம். இங்கே அது மென்மையான கட்டம். பரீட்சையில் குழம்பிவிடாதீர்கள்!

இனி விட்டத்துக்கு வருவோம். வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். முறுக்கைத் தாங்கும் வலு மூன்றாம் அடுக்கில் ஏறும். நுனி 0.20-இலிருந்து 0.25 மி.மீ. ஆனால் கூடியது வெறும் 0.05 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். ஆனால் முறுக்கு வலு 1.95 மடங்கு, விறைப்பு 2.44 மடங்கு. முறுக்கில் அறுபடாமல் இருக்கத் தடிப்பாக்கினால் வளையாது. நன்றாக வளைய மெலிதாக்கினால் முறுக்கில் அறுபடும். ஃபைல் டிசைன் முழுவதும் இந்த இழுபறிதான்.

எனவேதான் குறுக்குவெட்டில் இத்தனை விதம். வெளி விட்டம் ஒன்றாகவே இருந்தாலும், பள்ளம் ஆழமாக இருந்தால் நடுத்தண்டு மெலிந்து வளையும். பள்ளம் குறைவாக, முக்கோணத்தின் பக்கங்கள் புடைத்து இருந்தால் முறுக்கைத் தாங்கும். சுருளின் பிட்ச் ஒரே சீராக இருந்தால் ஃபைல் ஸ்க்ரூ மாதிரி தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க பிட்சை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். நுனியை வெட்டாத மொட்டை நுனியாக விடுவதும் ஒரு தந்திரம். அது குழாயின் வழியைத் தடவிக்கொண்டே போகும், புது வழி தோண்டாது.

முறுக்க முடியாத கம்பி

நிட்டினாலை ஸ்டீல் போல முறுக்கி ஃபைல் செய்ய முடியாது. விட்டால் பழையபடி நிமிர்ந்துவிடும், விடாமல் முறுக்கினால் அறுந்துவிடும். ஆகவே கம்பியைச் சுழற்றியபடி முன்னே தள்ளி, பின்னால் தாங்கு கொடுத்து, கிரைண்டிங் வீல் கொண்டு பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தோண்டுகிறார்கள். இது லேசான வேலை அல்ல. கம்பி வீலுக்குப் பயந்தவன் மாதிரி வளைந்து விலகும். சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. பிசிறு விளிம்பில் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். வீலும் சீக்கிரம் தேயும்.

நாங்கள் நாலு பேர், ஒரு பல் மருத்துவரிடம் கேட்டு, ஸ்டெரிலைஸ் செய்து கழித்துப்போட்ட சில பழைய ஃபைல்களை வாங்கி வந்து மெட்டலர்ஜி லேபில் மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தோம். வெறும் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி பளபளத்த ஃபைலில், பள்ளத்தின் குறுக்கே வரிவரியாகக் கோடுகள். லேப் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, நீங்க ஷேப்பிங் மிஷின்ல போடுற கோடு மாதிரியே இருக்கே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உடைஞ்சா எங்க உடையும்னு தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. உடைந்திருந்த ஒரு ஃபைலில் உடைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கோட்டை ஒட்டி நூலிழை போல இன்னொரு விரிசல் ஓடியிருந்தது.

ஷாஃப்டில் ஃபில்லட் ரேடியஸ் ஏன் வைக்கிறோம்? கூர்மையான மூலையில் ஸ்ட்ரெஸ் குவியும் என்பதால். கம்பியின் நீளத்துக்குக் குறுக்கே விழும் ஒவ்வொரு கிரைண்டிங் கோடும் ஒரு கூர்மையான மூலைதான். அதைக் குறைக்க எலக்ட்ரோ பாலிஷிங் செய்கிறார்கள். ஃபைலை ஆனோடாக வைத்து அமிலக் கரைசலில் மேடுகளைக் கரைப்பது அது. அது மட்டுமே ஆயுளைக் கூட்டும் என்று எல்லாச் சோதனைகளும் ஒரே முடிவு சொல்லவில்லை. ஸ்பார்க் எரோஷன் முறையில் வெட்டிய ஃபைல்களும் வந்திருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பு சின்னச் சின்னக் குழிகளாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அதே தயாரிப்பாளரின் கிரைண்டிங் ஃபைலைவிட அவை சோதனையில் அதிகச் சுற்றுகள் தாங்கின.

இரண்டு விதமான உடைப்பு

முதலாவது, முறுக்கு உடைப்பு. நுனி குழாயில் சிக்கிக்கொள்கிறது, மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது. நுனிப் பக்கம் அறுந்துவிடுகிறது. இதற்காகவே டார்க் அளவு மீறினால் நிற்கும் அல்லது திருப்பிச் சுற்றும் மோட்டார்கள் வந்தன. 2008-இல் கசான் யாரெட் என்பவர் ஒரே திசையில் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஓட்டும் முறையை வெளியிட்டார். வெட்டும் திசையில் அதிகம், எதிர்த் திசையில் கொஞ்சம். அதை ஒட்டி வந்த ஒரு முறையில் 150 டிகிரி போய் 30 டிகிரி திரும்பும். மூன்று ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று. அறுந்துபோகும் அளவு முறுக்கேறும் முன்பே திரும்பிவிடுகிறது.

இரண்டாவது, களைப்பு உடைப்பு. இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் சொல்லிவிட்டு வராது. ஜெர்மனியின் வோலர் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் ஆக்சில்கள் ஏன் உடைகின்றன என்று ஆராய்ந்ததையும், எஸ்-என் வளைவையும் படித்திருக்கிறோம். வளைந்த வேரில் சுழலும் ஃபைலும் ஒரு குட்டி ரயில் ஆக்சில்தான். ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பு ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும்.

கணக்குக்காக, ஒரு குறிப்பிட்ட வளைவில் ஒரு ஃபைல் 600 சுற்று தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நிமிஷத்துக்கு 300 சுற்று. மொத்த ஆயுள் இரண்டே நிமிஷம்! ஒரு கடைவாய்ப் பல்லில் நாலு குழாய், குழாய்க்குப் பத்து விநாடி என்றால் ஒரு பல்லுக்கு 40 விநாடி. மூன்று பல்லில் கணக்கு முடிந்தது. ஆனால் மூன்றாவது பல்லுக்கு முன்னாலும் அந்த ஃபைல் நேராக, பளபளப்பாகத்தான் இருக்கும். ஸ்டீல் ஃபைலாவது பிரி அவிழ்ந்து "போதும்" என்று காட்டிக்கொடுக்கும். நிமிர்ந்து நிற்பதே நிட்டினாலின் குணம் என்பதால் அதன் களைப்பு கண்ணில் படாது.

உடைந்த துண்டு உள்ளே தங்கினால் பல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சுத்தம் செய்து முடிந்தபின் உடைந்தால் பல நேரம் பல் தப்பும். கிருமி இருக்கும் இடத்துக்குப் போகும் வழியை அந்தத் துண்டே அடைத்துக்கொண்டால்தான் சங்கடம். நுண்ணோக்கி, அல்ட்ராசானிக் கருவி எல்லாம் வைத்துத் துண்டை எடுக்கப் போராட வேண்டும். எடுக்கும் முயற்சியில் வேரின் சுவரும் மெலியும். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர் நம் அப்பாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம்.

வெப்பம் கொடுத்த புதுத் தெம்பு

கடந்த இருபது வருஷங்களாக முன்னேற்றம் பெரும்பாலும் ஹீட் ட்ரீட்மென்டில்தான். நிட்டினாலில் நிக்கலின் அளவு ஒரு சதவீதத்தின் பத்தில் ஒரு பங்கு மாறினாலே கட்டம் மாறும் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேலும் நகர்ந்துவிடும். கலவையோடு, 400-இலிருந்து 550 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதும் சேர்ந்து அந்த வெப்பநிலையை முடிவு செய்கிறது.

பழைய ஃபைல்கள் வாயின் சூட்டில் ஆஸ்டினைட்டாக இருக்கும், ஸ்பிரிங் மாதிரி நிமிரும். 'சி.எம்.' என்ற வகை ஃபைல்களில் மாறும் வெப்பநிலையை உடல் சூட்டுக்கு மேலே தள்ளிவிட்டார்கள். ஆகவே அது வாயில் மார்டென்சைட்டாகவே இருக்கும். கையால் வளைத்தால் ஈயக் கம்பி மாதிரி வளைந்தபடியே நிற்கும். குழாயின் வளைவை எதிர்க்காமல் அதன் போக்கில் போகும், களைப்பையும் அதிகம் தாங்கும். முறுக்கினால் பிரி அவிழும். ஆட்டோகிளேவ் சூட்டில் வைத்தால் பழைய உருவம் வந்துவிடும். வராவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதே அடையாளம். முறுக்கவே முடியாது என்ற உலோகத்தையும், வெப்பத்தால் இடைக்கட்டமான ஆர்-ஃபேஸுக்குக் கொண்டுவந்து முறுக்கி, 2008-இல் ஃபைல் செய்து காட்டிவிட்டார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடையில் 0.016 அங்குல, அதாவது 0.4 மி.மீ. நிக்கல் டைட்டானியம் கிளிப் கம்பி ஒன்றும், அதே அளவில் ஸ்டீல் கம்பி ஒன்றும் வாங்குங்கள். இரண்டையும் 7 மி.மீ. விட்டமுள்ள பென்சிலில் சுற்றி விடுங்கள். ஸ்டீல் சுருளாகவே நிற்கும், மற்றது நிமிர்ந்துவிடும். ஸ்ட்ரெய்ன் எவ்வளவு? கம்பியின் மையக்கோட்டின் ஆரம் 3.5 + 0.2 = 3.7 மி.மீ. 0.4 ÷ 7.4 = சுமார் 5.4 சதவீதம்.

2. 30-ஆம் எண், 0.04 டேப்பர் ஃபைலில் நுனியிலிருந்து 5 மி.மீ. மேலே விட்டம் என்ன? (0.30 + 0.20 = 0.50 மி.மீ.) அங்கே வளைவு ஆரம் 5 மி.மீ. என்றால் ஸ்ட்ரெய்ன் 5 சதவீதம். நிட்டினாலின் எல்லைக்குள்தான், ஆனால் முன் சொன்ன 0.4 மி.மீ. ஃபைலைவிட ஆயுள் குறையும்.

முடிவாக

இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-இல், நோய்த்தொற்று அச்சத்தால், இந்த ஃபைல்களை ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும் பயன்படுத்தும்படி அறிவுறுத்தியது. களைப்பு என்ற நம்ம கணக்கும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. விலையை நினைத்துத் திரும்பப் பயன்படுத்துகிற இடங்களில், எந்த ஃபைல் எத்தனை பல்லில் ஓடியது என்று எழுதி வைப்பதாவது வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததை நோட்டில்தான் பார்க்க முடியும். அடுத்த முறை ரூட் கேனாலுக்குப் போனால், "சார், ஃபைல் புதுசா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. வளையும் குணத்தை உலோகம் கொடுத்துவிடுகிறது. ஆனால் அது எத்தனை சுற்று உழைக்கும் என்பதில் பள்ளத்தின் ஆழம், பிட்ச், மேற்பரப்பின் கோடு, ஃபர்னஸில் வைத்த நேரம் என்று எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. அவை எல்லாமே மிஷின் முன்னால் நிற்பவர் கையில் இருப்பவை, அதாவது டிப்ளமோ முடித்து ஷாப் ஃப்ளோருக்குப் போகும் நம் கையில். டிராயிங்கில் ஒரு மூலையில் போட்டிருக்கும் சர்ஃபேஸ் ஃபினிஷ் குறியைப் பார்த்து, "இதெல்லாம் யார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்பவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. அவர்களிடம் இந்த 0.25 மி.மீ. அரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.